கையில் ஒரு டாலர்தான் இருந்தால்

இரவு ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் ஏறினால், படப்பை தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எனக்கு பஸ்ஸில் தூக்கம் வராது. இயர்போனை மாட்டிக்கொண்டு தாம்பரம் வரை பாட்டுக் கேட்பேன். கடந்த சில வருடங்களாக அந்த ஒரு மணி நேரத்தில் நான் அதிகம் கேட்டவை, 1960-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு சாதாரண வீட்டின் பின்கட்டில் பதிவான பாட்டுகள். மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகள். பெரும்பாலானவை மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விற்பதற்கென்றே செய்யப்பட்டவை. செய்தவர்களும் அதை மறைத்ததில்லை.

அந்த 'விற்பதற்கென்றே' என்ற சொல்தான் பல வருடம் என்னை அந்தப் பக்கமே போகவிடாமல் வைத்திருந்தது.

கல்லூரி ஹாஸ்டலில் எங்கள் எதிர் அறையில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். அவருடைய ஹார்ட் டிஸ்க் முழுக்க ஜாஸ். நான் பாட்டை உட்கார்ந்து கேட்கப் பழகியதே அவரிடம்தான். அதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். கூடவே இன்னொன்றும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டு முதல் தடவையே பிடித்துவிட்டால் அதைச் சந்தேகப்படணும் என்பார். பன்னிரண்டு நிமிட ஜாஸ் பதிவு ஒன்று பிடிபட நாலு தடவையாவது கேட்க வேண்டும், அந்தச் சிரமம்தான் தரத்துக்கு அடையாளம். சட்டென்று வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு என்றால் 'கமர்ஷியல்'. அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படியே பேசினேன். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் எழுந்து ஆடுகிற பாட்டுக்கு என் கால் தாளம் போடும். முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன். பிடித்திருக்கிறது என்று சொல்லப் பயந்த வருடங்கள் அவை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் வேலை. கார் கதவு ஓரத்தில் வரும் பீடிங் ரப்பர் செய்கிற ஒரு கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். நீளமாக வரும் ரப்பரை அளவாக வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டுதான் என் கவலை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், அப்புறம் கண்ணை எடுத்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அந்த மேட்டை விட்டுவிட்டால் என்றோ ஒரு ஐப்பசி மழையில் யாரோ ஒருவர் மடியில் தண்ணீர் சொட்டும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. பீடிங் நன்றாக இருந்தால் அவர் வாழ்நாள் முழுக்க அதைக் கவனிக்கவே போவதில்லை. கதவை மூடும்போது ஒரு திடமான 'டப்' கேட்கும், அவ்வளவுதான். அந்த 'டப்'புக்காகத்தான் நாங்கள் மூன்று ஷிப்ட் வேலை செய்கிறோம்.

இந்த வேலையில் இருந்த ஒருவனுக்கு, மோட்டவுனை ஆரம்பித்தவர் கார் தொழிற்சாலையில் லைனில் நின்றவர் என்று எங்கோ படித்ததும் ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அவர் பெர்ரி கார்டி. 1929-இல் டெட்ராய்டில் பிறந்தவர். கொஞ்ச காலம் குத்துச்சண்டை, அப்புறம் ராணுவம். திரும்பி வந்ததும் 1953-இல் ஒரு இசைத்தட்டுக் கடை போட்டார். ஜாஸ் மட்டும்தான். கடைக்கு வருகிறவர்களோ கார் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற கறுப்பினத் தொழிலாளிகள். அவர்கள் ப்ளூஸ் தட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். அதெல்லாம் வேண்டாம், ஜாஸ் கேளுங்கள் என்று அவர் வாதாடுவாராம். வந்தவர்கள் கேட்டது ஒன்று, அவர் கேட்கச் சொன்னது ஒன்று. இறங்கி வந்து ப்ளூஸ் தட்டுகளை வாங்கி அடுக்கியபோது காலம் கடந்துவிட்டது. 1955-இல் கடை மூடப்பட்டது.

எங்கள் ஹாஸ்டல் அறையை அந்தக் கடையில் பார்த்தேன். அதே பிடிவாதம்.

கடை போன பிறகு அவர் சேர்ந்த இடம் லிங்கன்-மெர்குரி கார் ஆலை. வாரச் சம்பளம் 86 டாலர் 40 சென்ட். நகர்ந்து வருகிற கார்களில் இருக்கை உறைகளையும் குரோமியப் பட்டைகளையும் மாட்டுகிற வேலை. கை பழகிவிட்டால் மனம் சும்மா இருக்கும், அது எனக்கும் தெரியும். அவர் மனசுக்குள் பாட்டுக் கட்டினார். லைனின் வேகத்துக்குத் தோதாக முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். ஒரு முனையில் வெறும் இரும்புச் சட்டமாக நுழைவது மறுமுனையில் பளபளவென்று காராக வெளியே போவதைத் தினமும் பார்த்தார். தெருவிலிருந்து ஒரு பிள்ளை ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் நட்சத்திரமாக வெளியே வர முடியாதா என்ற யோசனை அங்கேதான் வந்தது என்று பின்னாளில் சொன்னார்.

1959 ஜனவரியில் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கிக் கம்பெனியைத் தொடங்கினார். அதே வருடம் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648-ஆம் எண் வீட்டை வாங்கினார். முன்பு ஒரு போட்டோகிராபர் இருந்த இடம். பின்கட்டில் அவர் வைத்திருந்த ஸ்டூடியோ, பாட்டுப் பதிவுக் கூடமாக மாறியது. ஒயர்கள் நெளிந்து கிடந்ததால் வாசிப்பவர்கள் அதைப் பாம்புக் குழி என்றே கூப்பிட்டார்கள். குரலுக்கு எதிரொலி வேண்டுமென்று உட்கூரையில் ஓட்டை போட்டு மேலே பரணை எதிரொலி அறையாக்கினார்கள். வீட்டு முகப்பில் 'ஹிட்ஸ்வில்' என்று எழுதி மாட்டினார்கள். ஹிட்டுகளின் ஊர். தொடங்கிய புதிதிலேயே அப்படி எழுதி வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

என்னை உலுக்கியது இதற்கு அடுத்து வருவது. அந்தக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்று இருந்தது. பெயரே அதுதான், கார் ஆலையிலிருந்து அப்படியே எடுத்த பெயர். வெள்ளிக்கிழமை காலை கூட்டம். அந்த வாரம் பதிவான பாட்டுகளை ஓடவிட்டு எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். தாமதமாக வந்தால் கதவு சாத்தியிருக்கும். கார்டி அங்கே ஒரு கேள்வி கேட்பார்: உன் கையில் ஒரே ஒரு டாலர்தான் இருக்கிறது, அதில் இந்தத் தட்டை வாங்குவாயா, ஒரு சாண்ட்விச் வாங்குவாயா?

இதைப் படித்த அன்று நான் பஸ்ஸில் பாட்டை நிறுத்திவிட்டேன். இசையைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை நான் அதுவரை எங்கும் பார்த்ததில்லை. 'வியாபாரப் புத்தி' என்று இதை ஒதுக்குவது சுலபம். ஹாஸ்டலில் இருந்தபோது நானும் ஒதுக்கியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓர் ஆள் நிற்கிறார் பாருங்கள். பசியோடு இருக்கிறார். கையில் மிச்சம் ஒரு டாலர். பாட்டு எழுதியவருக்கு அவர் எந்தக் கடனும் படவில்லை. நாலு தடவை பொறுமையாகக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. அவர் சாப்பாட்டை விட்டுவிட்டு இந்த இரண்டரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? முன்பு கடையில் ஜாஸ் கேளுங்கள் என்று யாரிடம் வாதாடினாரோ, அதே தொழிலாளியைத்தான் இப்போது கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். எங்கள் ஆலையில் பீடிங் மாட்டிய கதவை ஷவர் டெஸ்ட்டில் நனைப்பார்கள். முகம் தெரியாத ஒருவர் மழையில் போவார் என்ற நினைப்பில் வருவது அந்த டெஸ்ட். மோட்டவுனில் பாட்டைச் சின்ன மட்டமான ஸ்பீக்கரில் போட்டுச் சோதித்தார்கள். வாங்குகிறவர் அதைக் கார் ரேடியோவில்தான் கேட்பார்.

இப்படி ஒருவரை மனசில் வைத்து வேலை செய்தால் பாட்டு மலிவாகிப் போகும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக இருந்தது.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்றொருவர். மோட்டவுனின் பேஸ் கிட்டார்காரர், பாட்டின் அடியில் ஓடும் கீழ் ஸ்வரங்களை வாசிப்பவர். 1967-இல் வந்த ஃபோர் டாப்ஸ் குழுவின் 'பெர்னடெட்' பாட்டை முதலில் கேட்டபோது, லீவை ஸ்டப்ஸின் குரல்தான் காதை நிறைத்தது. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி மன்றாடுகிற குரல். பாட்டு பிடித்திருந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை. பிறகு ஒருநாள் இணையத்தில், மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டு பேஸை மட்டும் தனியாகப் பிரித்த பதிவு கிடைத்தது. படப்பை ஏரிப் பக்கம் பஸ் போகும்போது போட்டேன்.

அடியில் ஒரு ஆள் தனியாக நடந்துகொண்டிருப்பது போல இருந்தது. ஒரு சுற்றில் வாசித்ததை மறு சுற்றில் அப்படியே வாசிக்கவில்லை. குரல் நிற்கும் இடத்தில் இவர் ஓடுகிறார், குரல் ஓடும் இடத்தில் நிதானிக்கிறார். தாளத்துக்கு அரை நொடி முன்னால் காலை வைத்து, விழப்போகிறாரோ என்று நாம் பதறும்போது சரியாகச் சமத்தில் வந்து நிற்கிறார். மிருதங்கக்காரர் ஒருவர் பாடகரின் நிரவலுக்கு உள்ளே புகுந்து வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த மாதிரிக் கவனம். இத்தனையும் ஒரே விரலால். வலது கை ஆள்காட்டி விரலால் மட்டுமே அவர் மீட்டுவார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயரே இருந்தது. அறுந்தால் ஒழிய கிட்டாரின் தந்தியை அவர் மாற்றுவதே இல்லை.

சரி, இந்த ஜேமர்சன் யார்? ஜாஸ்காரர். அவர் மட்டுமல்ல, ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்த வாத்தியக் குழுவில் பெரும்பாலானவர்கள் ஜாஸ்காரர்கள்தான். பகலெல்லாம் பாம்புக் குழியில் மூன்று நிமிடப் பாட்டுகளுக்கு வாசித்துவிட்டு, இரவில் டெட்ராய்டின் கிளப்புகளில் ஜாஸ் வாசித்தார்கள். நான் கல்லூரியில் கும்பிட்ட இசையும் ஒதுக்கிய இசையும் ஒரே விரலிலிருந்து, ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. என் சீனியர் அண்ணன் போட்ட கோடு அந்த விரலுக்குத் தெரியாது.

தெரிந்த பிறகு எல்லாப் பாட்டையும் திரும்பக் கேட்க ஆரம்பித்தேன், இந்த முறை விரலால் தடவிப் பார்ப்பது மாதிரி. சுப்ரீம்ஸ் குழுவை உச்சிக்குக் கொண்டுபோன 1964-ஆம் வருடப் பாட்டில், தொடக்கத்திலேயே வரும் அந்த 'தட் தட்' மரப்பலகையில் காலால் மிதித்த சத்தம். அந்தப் பாட்டு பாடிய பெண்களுக்கே பிடிக்கவில்லை. இன்னொரு குழு வேண்டாம் என்று தள்ளிய பாட்டு அது. மார்த்தா அண்ட் த வாண்டெல்லாஸின் 'நோவேர் டு ரன்' பாட்டில் சலசலக்கிற உலோகச் சத்தம், பனிக்காலத்தில் கார் டயரில் சுற்றுகிற சங்கிலி. ஃபோர் டாப்ஸின் 'ரீச் அவுட்' பாட்டின் தொடக்கத்தில் குதிரைக் குளம்படி போல வருவது, டிம்பனி முரசுக்கான தடித்த குச்சியால் டாம்பரினில் தட்டியது. அதே பாட்டில் ஸ்டப்ஸ் ஏன் அப்படித் தொண்டை கிழிய அழைக்கிறார் என்று யோசித்திருக்கிறேன். எழுதிய மூவரும், ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட், வேண்டுமென்றே அவர் குரலின் உச்ச எல்லையில் சுருதியை வைத்தார்கள். எட்டிப் பிடிக்கிற தவிப்பு பாட்டில் கேட்க வேண்டும் என்று. 1966-இல் அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்குப் போனது. லட்சக்கணக்கான பேர் அந்தத் தவிப்பை வாங்கினார்கள். அது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை. நான் செய்கிற வேலையின் பாஷையில் சொன்னால், பாகம் பாகமாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள், ஒட்டு தெரியவில்லை.

'நோவேர் டு ரன்' பாட்டுக்கு 1965-இல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காகப் படம் எடுத்தார்கள். ஃபோர்டின் ரூஜ் ஆலையில், மஸ்டங் கார்கள் நகர்கிற லைனிலேயே எடுத்தார்கள். அதைப் பாடிய மூன்று பெண்களும் முடிவடையாத கார்களுக்கு நடுவே பாடிக்கொண்டு போகிறார்கள். சுற்றிலும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் பாடகிகளை விட்டுவிட்டு அந்தத் தொழிலாளிகளைத்தான் பார்ப்பேன். ஒருவேளை அவர்களில் யாராவது அன்று மாலை போய் அந்தத் தட்டை வாங்கியிருக்கலாம்.

எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. எந்தத் தரக் கட்டுப்பாட்டிலும் தவறான ரிஜெக்ஷன் உண்டு. நல்ல பீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். மார்வின் கே 1967-இல் பாடிய 'ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்' வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிராகரிக்கப்பட்டது. கிளாடிஸ் நைட் பாடிய வேறு வடிவம்தான் வெளியே போனது, அதுவும் நன்றாக ஓடியது. கேயின் பதிவை மறு வருடம் ஓர் ஆல்பத்துக்குள் வைத்தார்கள். வானொலிக்காரர்கள் அதை அங்கிருந்து கண்டுபிடித்துப் போட ஆரம்பித்த பிறகு தனித்தட்டாக வந்து, ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. அதுவரை மோட்டவுனில் அவ்வளவு விற்ற தட்டு வேறு இல்லை. முகம் தெரியாத அந்த ஒரு டாலர்காரரை அறையில் இருந்தவர்கள் அன்று தப்பாகக் கணித்தார்கள். வெளியே நிஜமாக இருந்தவர் திருத்தினார்.

இதைவிட வருத்தமானது பெயர்கள். 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வரும்வரை அந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் அட்டையில் அச்சாகவில்லை. பன்னிரண்டு வருட வேலை. வீடுதோறும் அவர்கள் வாசிப்பு ஒலித்தது, அவர்களை யாருக்கும் தெரியாது. 1972-இல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது, குழு சிதறியது. 1983-இல் மோட்டவுனின் இருபத்தைந்தாம் ஆண்டு நிகழ்ச்சி பெரிய அளவில் நடந்தபோது ஜேமர்சன் மேடையில் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். சில மாதங்களில் இறந்துபோனார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வியாபாரத்தின் மீது கோபப்பட வேண்டுமென்றால் இதற்காகப் படுங்கள், வாங்குகிறவருக்குப் பாட்டு பிடித்துப்போனதற்காக அல்ல. எங்கள் லைனிலும் கான்ட்ராக்டில் வருகிற பிள்ளைகள் ஒட்டுகிற ஒட்டு காரோடு ஊர் ஊராகப் போகிறது, அவர்கள் பெயர் எங்கும் போவதில்லை.

போன மாதம் ஒரு டிரெய்னி பையன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன், ஊர் திண்டிவனம் பக்கம். வேலை முடிந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"என்ன அண்ணா கேக்குறீங்க? சிரிச்சிக்கிட்டே இருக்கீங்க."

ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். 'பெர்னடெட்' ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் பழக்கமில்லை, வார்த்தை ஒன்றும் புரியவில்லை என்றான். ஆனாலும் கழற்றவில்லை. இரண்டாவது நிமிடத்தில் அவன் விரல் முன் சீட்டுக் கம்பியில் தட்ட ஆரம்பித்தது. பேஸ் போகிற வழியில்தான் தட்டினான், நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பாட்டில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடம் வரும். வாத்தியங்கள் நின்றுவிடும். பின்னணிக் குரல்கள் மட்டும் ஒரு ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே போய் அடங்கும். பாட்டு முடிந்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும். அவனுக்கும் தோன்றியது.

"நல்லா இருந்துச்சுண்ணா" என்று இயர்போனைக் கழற்றப் போனான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இரு தம்பி. இன்னும் முடியல."

மௌனத்துக்குள்ளிருந்து ஸ்டப்ஸ் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கத்துக் கத்தினார். மொத்தக் குழுவும் திரும்ப உள்ளே பாய்ந்தது. பையன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தூக்கமே இல்லை. பஸ் முடிச்சூர் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணா."